நாற்பத்தொன்றாவது பொதி

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில் பிறந்தவன் நான். தொலைபேசித் துறையில் முப்பத்து மூன்று வருடம் உழைத்து ஓய்வு பெற்ற பிறகு, காஜா பேராங் பகுதியில் உள்ள என் வீட்டில் உட்கார்ந்து சம்பளமில்லாத ஒரு வேலை செய்தேன். வெளிநாடுகளில் யாரோ எழுதும் மென்பொருளை, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மேசைக்கணினி இயங்குதளத்தில் நிறுவுவதற்கு ஏற்றபடி பொதியாகக் கட்டித் தருவது. என் பொறுப்பில் இருந்தது ஒலி வழங்கி. பாட்டு, படம், திரையை வாசித்துச் சொல்லும் நிரல், எல்லாவற்றின் சத்தமும் அதன் வழியாகத்தான் ஒலிபெருக்கிக்குப் போகும். அது நின்றால் கணினி ஊமை. ஏழு வருடத்தில் நாற்பத்தொரு முறை கட்டினேன்.

நாற்பத்தொன்றாவது முறை, பெரிதாகிவிட்ட பொதியை இரண்டாகப் பிரித்தேன். முதலாவதற்கு இரண்டாவது கட்டாயம் தேவை. அதைத் 'தேவை' என்ற வரியில் எழுதாமல் 'இருந்தால் நல்லது' என்ற வரியில் எழுதிவிட்டேன். என் கணினியில் இரண்டும் இருந்தன. பன்னிரண்டு ஒலிகளை ஓட்டிப் பார்த்தேன், பன்னிரண்டும் கேட்டன. வெற்றுக் கணினியில் நிறுவிச் சோதித்த பிறகே வெளியிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்கு ஐம்பது நிமிடம் ஆகும். நாற்பது முறை செய்தவன், அன்று செய்யவில்லை. மழை இல்லை, மின்வெட்டு இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. சலிப்பு, அவ்வளவுதான்.

புக்கிட் ரம்பாயில் என் பழைய சக ஊழியர் ஒருவர், என்னைவிட நான்கு வயது இளையவர், மனைவி இறந்த பின் தனியாக இருந்தார். சர்க்கரை நோய் அவர் கண்களைப் பறித்துவிட்டது. அவருக்குக் கணினியை அமைத்துக் கொடுத்தவன் நான். வட்டு சிறியது என்பதால் 'இருந்தால் நல்லது' வகைப் பொதிகள் இறங்காதபடி தடுத்து வைத்தவனும் நானே. ஒரு வழக்கறிஞர் அலுவலகம் தரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார். கண் போன பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

சனிக்கிழமை காலை கூப்பிட்டார்.

"அண்ணே, பொட்டி வாய மூடிக்கிச்சி லா. என் பொண்டாட்டிகூட இவ்வளவு நாள் கோவிச்சுக்கிட்டதில்ல."

"எப்போலேர்ந்து?"

"வியாழக்கெழமை. அப்டேட் ஆச்சி, அப்புறம் சத்தமே இல்ல."

"ரெண்டு நாளா ஏன் கூப்பிடல?"

"நான்தான் எதையோ அமுக்கிட்டேன்னு நெனச்சேன். உங்ககிட்ட ஏச்சு வாங்கணுமேன்னு நானே தடவிக்கிட்டு இருந்தேன்."

இடையில் அலுவலகத்தார் போனில் கேட்டபோது, இன்றே முடித்துவிடுகிறேன் என்று சமாளித்திருக்கிறார்.

காரை எடுத்துக்கொண்டு போனேன். 'ஒலிச் சாதனம் எதுவும் இல்லை' என்று திரையில் பெரிய எழுத்தில் நின்றது. இரண்டு நாளாக நின்றிருக்கிறது. விடுபட்ட பொதியை நிறுவினேன். நான்கு நிமிடத்தில் குரல் வந்தது. வந்ததும் அலுவலகத்தின் மின்னஞ்சல்களை வாசித்தது. மூன்று. முதலாவது, வேலை முடிந்ததா என்று விசாரித்தது, இரண்டாவது அவசரப்படுத்தியது. மூன்றாவது, வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம், இனி அனுப்ப வேண்டாம் என்றது.

அவர் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன் தப்பு இல்ல," என்றேன். "நான் கட்டுன பொதியில தப்பு."

"சோதிச்சுப் பாக்கலியா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்குப் போன் போட்டு இதையே சொல்லுங்க அண்ணே. குருடன் செஞ்ச தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "அங்கிள், மிஷின் தப்போ மனுசன் தப்போ, கோர்ட்டு டேட் போயிடுச்சி. வேற ஆள் எடுத்தாச்சி. சாரி அங்கிள்."

அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது.

"பொட்டிய அடைச்சிடுங்க," என்றார்.

கணினியை அணைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டாவது பொதியின் பெயரை 'இருந்தால் நல்லது' வரியிலிருந்து 'தேவை' வரிக்கு மாற்றினேன். திருத்திய பொதியோடு மாற்றக் குறிப்பும் எழுத வேண்டும். 'விடுபட்ட தேவை சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். மூன்று சொல். வேறு எதையும் எழுத அதில் இடமில்லை.