அக்கரையில் கழிந்த தேனிலவு

கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா எழுந்து உள்ளே போன இடைவெளியில் அவசர அவசரமாக என்னிடம் சொன்னார். "கோலா குபு பாருவுக்கு மேல ஒரு ஆறு இருக்கு. ரெண்டு மலைக்கு நடுவுல பாறைய இடிச்சிக்கிட்டு வரும். தேனிலவுக்கு நம்ம ரெண்டு பேரும் அங்கதான் போறோம். சின்ன வயசுல நான் அதுல நீந்தி அந்தக் கரைக்கே போயிருக்கேன்."

நான் சுங்கை பெசாரில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் எல்லாமே படுத்துக் கிடக்கும். வயல் தட்டை, சாலை தட்டை. கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும். மலையை நான் காலண்டரில் மட்டுமே பார்த்திருந்தேன். ஆளைவிட அந்த ஆற்றுக்காகவே தலையாட்டினேன் என்று இன்றும் அவரைச் சீண்டுவதுண்டு.

கல்யாணமாகி, கலும்பாங் பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு, ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றுக்கு, வந்து சேர்ந்தேன். நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாகத் திட்டம். முதல் நாள் அவர் அதை அம்மாவிடம் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

"புதுப் பொண்ண மோட்டார்ல அந்த வளைவு ரோட்டுல கூட்டிட்டுப் போவியா? மாப்ள லோரி சும்மாதானே நிக்குது?" என்றார் என் மாமியார்.

மாப்பிள்ளை என்றால் அண்ணியின், அதாவது என் கணவருடைய அக்காவின், கணவர். காய்கறி லாரி ஓட்டுபவர். லாரி வந்தால் அவர் வரவேண்டும். அவர் வந்தால் அண்ணி வரவேண்டும். "நானும் அந்த ஆத்தப் பார்த்ததில்லலா," என்று அண்ணி அன்று இரவே புளி ஊறவைத்துவிட்டார். எல்லாரும் போகும்போது மாமியார் மட்டும் வீட்டில் இருப்பதா? காலையில் எங்கள் தேனிலவு ஐந்து பேர், ஒரு பானைப் புளிச்சோறு, கோழிப் பிரட்டல், ஒரு வாளி அவித்த முட்டை என்று புறப்பட்டது. மாமியார் முன்னால், டிரைவர் பக்கத்தில். பின்னால் முட்டைக்கோஸ் வாசனையில் நாங்கள் மூவர். எங்கள் இருவருக்கும் நடுவில் அண்ணி.

லாரி நின்றதும் ஆறு தெரிந்தது. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக எழுந்து நிற்க, நடுவே வீட்டளவுப் பாறைகள். அவற்றின் இடுக்கில் தண்ணீர் புகுந்து, விழுந்து, வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்கு இத்தனை அவசரம் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணி பாய் விரிப்பதில் மும்முரமாக இருந்தார். என் கணவர் என் காதருகே, "வா, அந்தப் பக்கம் போவோம். பள்ளத்தாக்கு திரும்புற இடம் அங்கேருந்துதான் தெரியும்," என்றார். ஓரிடத்தில் பாறைகள் வரிசையாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துத் தாவித் தாவிக் கடந்தேன்.

அந்தக் கரையில் சற்று நேரம் நின்றிருப்போம். தண்ணீர் நிறம் மாறியது. முதலில் தேத்தண்ணீர், பிறகு பால் கலந்த தேத்தண்ணீர். எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது; மழை மேலே எங்கேயோ மலைக்குள் பெய்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் தாண்டி வந்த பாறைகள் ஒவ்வொன்றாக மூழ்கின. நாங்கள் மேட்டில் ஏறிக்கொண்டோம். எதிர்க்கரையில் மூவரும் எழுந்து நின்று கைகளை ஆட்டினார்கள். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணியின் கணவர் மட்டும் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தியது அரைகுறையாகக் கேட்டது. "தாலி! தாலி!"

எனக்கு உயிரே போய்விட்டது. கழுத்தைத் தடவினேன். இருந்தது. வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு லாரியை நோக்கி ஓடினார். மாமியார் என்ன நினைத்தாரோ, தன் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கயிறுதான் சொல்றாரு," என்றார் என் கணவர். மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர். லாரிக்காரர்களுக்குத் தமிழிலும் அதுதான் வாயில் வரும்.

கயிறு வந்தது. அண்ணியின் கணவர் நுனியில் கல்லைக் கட்டி வீசினார். கயிற்றின் கனத்தில் அது ஆற்றின் பாதிகூட வராமல் விழுந்தது. ஆறு அதை இழுக்க, அவரும் கூடவே போகப் பார்த்தார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார்.

"நீங்கதான் நீந்துவீங்களே," என்றேன் நான்.

அவர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இதுல எறங்கினதே இல்ல. ஸ்கூல் பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா பார்த்தேன். அதுவும் எட்டி எட்டித்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். லயத்து வீட்டின் மெல்லிய சுவருக்குப் பயந்து அதுவரை நாங்கள் கிசுகிசுத்தே பேசிக்கொண்டிருந்தோம். அன்றுதான் தொண்டை திறந்து பேசினோம். ஆற்றின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஆனால் மூன்று பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் சிரிப்பதை மாமியார் பசி மயக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முட்டை வாளியைத் தூக்கி மருமகனிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாக எறிந்தார். ஒன்று பாறையில் சிதறியது. ஒன்று மீனுக்குப் போயிற்று. ஒன்று என் கணவரின் நெஞ்சில் சரியாகப் பட்டது. நான் முந்தானையை விரித்துப் பிடித்து ஓடி ஓடி இரண்டைப் பிடித்தேன். எதிர்க்கரையில் அண்ணி குதித்துக் கைதட்டினார். அந்த முட்டைகளைத் தின்றுகொண்டே, பள்ளத்தாக்கு திரும்பும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மலை அங்கே கதவு மாதிரி ஒருக்களித்து நிற்கும்.

பொழுது சாயும் முன் தண்ணீர் வடிந்து பாறைகள் மறுபடி தலைகாட்டின. ஈரப் பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கடந்தோம். மாமியார் மகனைக் கரையிலேயே நிற்கவைத்து ஏசினார். "கல்யாணம் ஆயும் புத்தி வரலயே உனக்கு! அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா அவங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவர் சட்டையில் முட்டைக்கருவோடு தலைகுனிந்து நின்றார்.

திரும்பும்போது மாமியார் என்னை லாரியின் முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்கும் ஏச்சு உண்டு என்று நினைத்தேன். நாலைந்து வளைவுகள் தாண்டின. பிறகு மருமகனுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு?"

மலை திரும்பும் இடத்தைப் பற்றிச் சொன்னேன். மேலே மேகம் இறங்கி நின்றதைச் சொன்னேன். அவர் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அடுத்த தடவ நம்ம ரெண்டு பேரும் போவோம்," என்றார். "இவனுங்க இந்தப் பக்கம் இருக்கட்டும்."