கட்சி இல்லாத கொடும்பாவிக்காரர்

திருவனந்தபுரத்தில் கட்சி இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். சாயா ஆற்றுகிறவருக்கு ஒரு கட்சி, வாங்கிக் குடிக்கிறவருக்கு வேறொரு கட்சி, கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட விசாரித்தால் ஏதாவதொரு யூனியன் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் எந்தக் கொடியையும் தொடாமல் காலம் தள்ளியவர் சாலைக் கடைத்தெரு வன்னியராஜ். கொள்கை, கத்தரிக்காய் என்று ஒன்றும் கிடையாது. எல்லாக் கட்சிகளுக்கும் கொடும்பாவி கட்டிக் கொடுப்பது அவர் தொழில், அவ்வளவுதான்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சுமை தூக்க வந்தவர். செல்வகணேஷ் அண்ணாச்சியின் பீங்கான் பாத்திரக் கடையில் வேலை கிடைத்தது. பீங்கான் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் வைக்கோல் திணித்து அனுப்புவார்கள். பாத்திரம் கடைக்குப் போகும், வைக்கோல் பின்கட்டுக் கிடங்கில் குவியும். ஒருமுறை ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் அந்த வைக்கோலைக் கேட்டு வாங்கி மந்திரி ஒருவரை அங்கேயே கட்டினார்கள். கட்டிய லட்சணத்தில் தெருமுனை தாண்டுவதற்குள் மந்திரியின் தலை கழன்று சாக்கடைக்குள் விழுந்தது. மூட்டை கட்டிப் பழகிய வன்னியராஜுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலையை எடுத்துவந்து ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எரிந்து முடியும்வரை அந்தத் தலை அசையவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதன் பிறகு ஆளும் கட்சியும் அவரிடம் வந்தது, எதிர்க்கட்சியும் அவரிடம் வந்தது. காலையில் இவர்கள் டெல்லி மந்திரியை எரித்தால் மாலையில் அவர்கள் உள்ளூர் மந்திரியை எரிப்பார்கள். முந்தின நாளே இரண்டு பேரும் தயாராகி, கிடங்கு உத்தரத்தில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவார்கள். மந்திரிகள் ஒருவரையொருவர் திட்டாமல் ஒரு ராத்திரியைக் கழித்த இடம் கேரளத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். “நீ யார் ஆளு?” என்று யாராவது கேட்டால், “வைக்கோல் ஆளு” என்பார் வன்னியராஜ். அந்தப் பதிலை எல்லாரும் நம்பினார்கள். நம்பியதால்தான் அடுப்பெரிந்தது. இன்ன கட்சிக்காரன் என்று பேர் விழுந்துவிட்டால் மற்றவன் எவனும் வாசலை மிதிக்கமாட்டான். உளவு பார்ப்பான், நாம் கொளுத்தும் மந்திரியை மட்டும் எரியாதபடி ஈர வைக்கோலில் கட்டுவான் என்று சந்தேகப்படுவான்.

தொழிலில் அவர் வைத்திருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. உடம்பு அவருடையது. முகத்துக்குப் படமும் போர்த்தச் சட்டையும் கட்சிக்காரர்கள் கொண்டுவரவேண்டும். இதை அவர் மீறியது ஒரே ஒரு தடவை. மீறவைத்தவர் வலியசாலை நாகேஸ்வரன்.

நாகேஸ்வரன் ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். திருவிதாங்கூர் குடிநீர் உரிமை முன்னணியின் தலைவர். முன்னணியில் மொத்தம் நாலு பேர். தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர், செய்தித் தொடர்பாளர். சாதாரண உறுப்பினர் என்று ஒருத்தரும் இல்லை. லெட்டர் பேடு உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு. ஆனால் அந்த வயசான மனிதர்களுக்கு ஆறாத குறை ஒன்று இருந்தது. எத்தனையோ போராட்டம் நடத்தியும் போலீஸ் அவர்கள்மீது ஒரு கேஸ்கூடப் போட்டதில்லை. மற்ற கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பீரங்கியில் நனைந்து டி.வி.யில் வருவார்கள். இவர்கள் போனால் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர், “சார், வெயிலில் நிற்காதீங்க” என்று மரத்தடியைக் காட்டுவார்.

குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில் மந்திரியை எரிப்பதென்று முன்னணி முடிவு செய்தது. நாகேஸ்வரன் முகத்துக்குப் படம் கொண்டுவந்தார். சட்டை கொண்டுவரவில்லை.

“ஆத்துல சட்டை தரமாட்டேன்னுட்டா ஓய். கொளுத்தறதுக்குன்னா கந்தல்கூட கிடையாதுங்கறா. நீரே பார்த்து ஏதாவது மாட்டி விடும்” என்றார்.

வன்னியராஜிடம் மஞ்சளில் பச்சைக்கிளி போட்ட சட்டை ஒன்று இருந்தது. சாலைத் தெருவில் அந்தச் சட்டையைத் தெரியாதவர்கள் கிடையாது, கண்ணைப் பறிக்கும். அவர் மனைவி மாடம்மாள் அதை ஒழித்துக்கட்ட ரொம்ப நாளாகச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். “கொடுத்துத் தொலைங்க, நாடு நல்லாருக்கும்” என்று அவளே எடுத்துவந்து போட்டாள். வன்னியராஜும் மாட்டிவிட்டார்.

ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில் போராட்டம் நடந்தது. டி.வி. கேமரா வரும் என்று கொடும்பாவியின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, இரும்புத் தடுப்பில் சாய்த்து நிறுத்தினார்கள். கேமரா ஒன்றும் வரவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் நின்ற போலீஸ்காரர் மட்டும் கடமைக்கு ஒரு படம் எடுத்தார். எல்லாரும் தெருவையே பார்த்து நின்றதால் படத்தில் விழுந்தது முதுகுகள்தான். தீ வைத்த சமயம் எங்கிருந்தோ ஒரு கல் வந்து கேட் விளக்கை உடைத்தது. யார் எறிந்தார்கள் என்பது கடவுளுக்கும் எறிந்தவனுக்கும்தான் தெரியும். நாலு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்கள். நாகேஸ்வரன் எல்லாருக்கும் முன்னால் ஓடினார், தலைவர் அல்லவா.

விளக்கு உடைந்ததற்கு மேலிடத்தில் கணக்குக் கேட்டார்கள். கேஸ் போட்டாகவேண்டும். சட்டவிரோதமாகக் கூடினார்கள் என்று எழுதச் சட்டத்துக்கு அஞ்சு பேர் வேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் படத்தை எடுத்து முதுகுகளை எண்ணினார். அஞ்சு இருந்தது. ஐந்தாவது முதுகு மஞ்சள் நிறம், பச்சைக்கிளி.

“இது நம்முடெ சாலையிலெ வன்னியராஜல்லே?” என்றார் ஒரு போலீஸ்காரர். கலகம் செய்தது, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தது என்று இன்னும் இரண்டு குற்றத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. வன்னியராஜைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். “எடோ, இது தன்றெ ஷர்ட்டல்லே?”

“சட்டை என்னுதுதான் சார். உள்ள இருக்கது வைக்கோலு.”

எஸ்.ஐ.க்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை திமிராகப் பேசுகிறவன் கலகக்காரனாகத்தான் இருப்பான் என்று அங்கேயே முடிவு செய்தார். ஜாமீனில் விட்டு அனுப்பினார்கள். வன்னியராஜ் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாடம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“கொளுத்தினதும் உங்களைத்தான், பிடிச்சதும் உங்களைத்தானா? எந்த ஊரு நியாயமய்யா இது!”

நியாயம் கிடக்கட்டும், பிழைப்புப் போயிற்று. மறுவாரமே ஆளும் கட்சி ஆள் வந்து கொடுத்திருந்த ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “சேட்டன் முன்னணியிலே சேர்ந்தாச்சு இல்லே, நடக்கட்டே” என்று சிரித்துவிட்டுப் போனார். எதிர்க்கட்சி சிரிக்கக்கூட இல்லை. உத்தரம் காலியாகக் கிடந்தது. கிடங்கில் குவியும் வைக்கோலைப் பார்த்துச் செல்வகணேஷ் அண்ணாச்சி முணுமுணுக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷம் யாருக்கும் சலாம் போடாமல் காப்பாற்றிய பேர் ஒரு கிளிச்சட்டையால் போனதே என்று வன்னியராஜுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பேரைக் கோர்ட்டில்தான் மீட்கவேண்டும் என்று வக்கீல் ஜெஸ்லினிடம் போனார். ஜெஸ்லின் மார்த்தாண்டத்துப் பெண், பேச்சில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

இதற்கிடையில் நாகேஸ்வரன் வீடு தேடி வந்தார். மனிதர் முகத்தில் கல்யாணக் களை.

“ஓய், நமக்குக் கேஸ் ஆயிடுத்து! கலகம்னு போட்டிருக்கான், பார்த்தீரா? நீர் பாட்டுக்கு ஆமா, நின்னேன்னு ஒத்துண்டுடும். அபராதத்தை முன்னணி பார்த்துக்கும். உமக்குத் துணைத்தலைவர் பதவி.”

“நான் அங்க வரவே இல்லியே சாமி.”

“நீர் வரலைன்னா நாங்க நாலு பேர்தானே ஓய்! நாலு பேர் கூட்டமே இல்லையாம் சட்டத்துல. எங்களை மறுபடி மரத்தடியில உட்கார வச்சுடுவா.” வன்னியராஜுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியாது என்றுவிட்டார். நாகேஸ்வரன் கோபித்துக்கொண்டு போய், ‘நாங்கள் கல் எறியவில்லை, ஆனால் ஐந்து பேரும் கூடியது உண்மை’ என்று நாலு பேர் கையெழுத்தும் போட்டுக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். வன்னியராஜுக்கு எதிராகப் போலீஸும் சாட்சி, கூடவே கூண்டில் நிற்கிறவர்களும் சாட்சி. இப்படி ஒரு கேஸ் உண்டா என்று ஜெஸ்லினே சிரித்துவிட்டாள்.

விசாரணை வர இரண்டு மழைக்காலம் போயிற்று. மாஜிஸ்டிரேட் அம்மா கண்ணாடி வழியாக எல்லாரையும் பார்த்தார். எஸ்.ஐ. கூண்டேறி, ரைட்டர் எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். சம்பவத்தன்று அவர் வாசலுக்கே வரவில்லை, ஆபீசுக்குள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தவர், கடைசியில்தான் எட்டிப் பார்த்தார். ஜெஸ்லின் எழுந்தாள். மலையாளத்தில் நடந்தது, தமிழில் சொன்னால் இப்படி.

“கலைந்து போகச் சொன்னபோது ஐந்தாவது ஆள் என்ன செய்தார்?”

“அசையவில்லை. மற்ற நாலு பேரும் ஓடிய பிறகும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸை மதிக்கவே இல்லை.”

“ஓடாமல் நின்றவரை ஏன் அங்கேயே பிடிக்கவில்லை?”

இது ஒப்பித்த பாடத்தில் இல்லை. எஸ்.ஐ. ரைட்டர் பக்கம் பார்த்தார்.

“பக்கத்தில் போக முடியவில்லை.”

“ஏன்?”

எஸ்.ஐ. அன்று எட்டிப் பார்த்ததை யோசித்தார். சத்தியம் வேறு செய்திருக்கிறார்.

“எரிந்துகொண்டிருந்தார்.”

மாஜிஸ்டிரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். எஸ்.ஐ.யை விட்டுவிட்டு நாகேஸ்வரனைப் பார்த்தார்.

“ஐந்து பேரும் கூடினோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்தாவது மனிதர் எரிந்துகொண்டிருந்தார் என்கிறார் இவர். கொளுத்தியது யார்?”

நாகேஸ்வரன் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“உயிருள்ள மனிதனைக் கொளுத்தினால் அது இந்தக் கோர்ட்டு விவகாரம் இல்லை. கொலை முயற்சி. செஷன்ஸுக்கு அனுப்பவேண்டும். அனுப்பட்டுமா?”

கலகத்துக்கு ஆசைப்பட்ட மனிதர் கொலை முயற்சிக்குத் தயாராக வரவில்லை. பொருளாளர் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“வைக்கோல், யுவர் ஆனர்” என்றார் நாகேஸ்வரன்.

ஐந்து நாலாகிவிட, கேஸ் விழுந்தது. எல்லாருக்கும் விடுதலை. வராந்தாவில் நாகேஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “நாலு பேர்தான்னு தீர்ப்புலயே எழுதிட்டா ஓய்” என்றார். விடுதலையானதற்கு ஒரு மனிதன் இப்படி அழுது வன்னியராஜ் பார்த்ததில்லை.

ஆனால் அவர் நினைத்தபடி பேர் திரும்ப வரவில்லை. தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்சி ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. “சொந்தக் கட்சித் தலைவர் கோர்ட்டிலே வைக்கோல்னு பொய் சொல்லிக் காப்பாத்திட்டார் இல்லே? பாக்கியவான்.” சட்டம் விட்டாலும் சாலைத் தெரு விடவில்லை. இனி மூட்டை தூக்கத்தான் போகவேண்டும், இந்த வயசில் முதுகு கேட்குமா என்று மாடம்மாள் கவலைப்பட ஆரம்பித்தாள்.

அந்த நிலைமையில்தான் நாகேஸ்வரன் மறுபடியும் கிடங்குக்கு வந்தார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

“ஒரு கொடும்பாவி வேணும். செயற்குழுவில தீர்மானம் போட்டாச்சு.”

“யாரு சாமி?”

நாகேஸ்வரன் படத்தை நீட்டினார். ஸ்டேஷனில் பிடித்துக் கேஸ் கட்டில் சேர்த்திருந்த வன்னியராஜின் முகப் படம். கீழே ‘துரோகி’ என்று எழுதியிருந்தது.

கிடங்கைப் பெருக்கிக்கொண்டிருந்த மாடம்மாள் விளக்குமாற்றை ஓங்கிவிட்டாள். வன்னியராஜ் அவளைத் தடுத்தார். படத்தைக் கையில் வாங்கினார். அவமானமாகத்தான் இருந்தது. இந்தக் கிழவனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று தொண்டைவரை வந்தது. ஆனால் இவருக்கு மட்டும் முடியாது என்று சொன்னால், இத்தனை வருஷம் ‘எனக்குக் கட்சி இல்லை’ என்று சொன்னதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் ஆகிவிடும்.

“எப்ப வேணும்?” என்றார். “சட்டை கொண்டாந்துருங்க.”

ஒரு குறையும் வைக்காமல் கட்டினார். தோள் கொஞ்சம் சரிந்திருக்கும் அவருக்கு, அதையும் விடவில்லை. தன்னைத் தானே கட்டித் தருகிறான் ஒருத்தன் என்று விஷயம் பரவி, எரிக்கும் நாளில் சாலைத் தெருவே அந்த ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஆளும் கட்சி ஆள் வந்தார், எதிர்க்கட்சியும் வந்தது. டி.வி. கேமராக்கள் முதல்முறையாக வந்தன. அத்தனை கூட்டத்தைப் பார்த்து நாகேஸ்வரன் கோஷம் போடவே மறந்துவிட்டார். நேரே போய்த் தீ வைத்தார். காய்ந்த வைக்கோல், சடசடவென்று பிடித்தது.

அதே எஸ்.ஐ. ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டம் கலைய மனசில்லாமல் ஒதுங்கியது. ரைட்டர் காகிதத்தை எடுத்தார். நாகேஸ்வரன் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் முன்னணியின் நாலு பேரையும் விலாசத்தோடு சொன்னார், எழுத்துப்பிழை வராமல் எட்டிப் பார்த்தும் கொண்டார். எஸ்.ஐ.யின் பார்வை தீக்குப் பக்கத்தில் நின்ற வன்னியராஜிடம் வந்து நின்றது.

“தானோ? நீயும் இவங்க ஆளா?”

ஆளும் கட்சி ஆளும் எதிர்க்கட்சி ஆளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வன்னியராஜ் கையை நீட்டி, தடுப்பில் சாய்ந்து எரிந்துகொண்டிருந்த தன்னைக் காட்டினார்.

“இல்ல சார். நான் அந்தா எரியுதவன்.”

எஸ்.ஐ. தீயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ரைட்டரிடம் ஒன்றும் எழுதவேண்டாம் என்று சைகை காட்டினார். ஜீப் கிளம்பியதும் எதிர்க்கட்சி ஆள் பக்கத்தில் வந்து, வியாழக்கிழமைக்கு ஒரு மந்திரி கிடைக்குமா என்று கேட்டார்.