‘போயிருந்தால்’ என்று சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் ‘போயிருந்தால்’, ‘செய்திருந்தால்’ என்று யாரும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொன்னாலும் உம்மா குசினிக்குள் இருந்தே “ஷைத்தானுக்குக் கதவத் தொறக்காத” என்று சத்தம் போடுவார். நடந்து முடிந்ததை நினைத்து ‘அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்’ என்று புலம்பக்கூடாது என்பது கல்முனைப் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த மார்க்க விஷயம். வயல் வெள்ளத்தில் போனாலும், வலை அறுந்தாலும், கல்யாணப் பேச்சுக் குழம்பினாலும் “அல்லாஹ்ட நாட்டம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் வசதியாக ஒளிந்துகொள்ளலாம் என்பது எனக்கு நாற்பது வயது தாண்டி, பிரெஞ்சு படிக்கப் போன இடத்தில்தான் உறைத்தது.

பிரெஞ்சு என் யோசனை இல்லை. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் கனடாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். பிரெஞ்சு தெரிந்தால் புள்ளி கூடுமாம். தனக்கு நேரமில்லை, நேரமிருக்கிற நீ படி என்றார். நேரமிருக்கிறவளாம்! இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவுள்ள உம்மா, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் என் தலையில். ஆனாலும் படித்தேன். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு, கைத்தொலைபேசியைச் சீனி டின்னில் சாத்தி வைத்தால் வகுப்புத் தொடங்கிவிடும். புதுச்சேரியில் இருந்துகொண்டு ஒரு ஆசிரியை எங்கள் எட்டுப் பேருக்கும் தமிழிலேயே விளக்கிச் சொல்லுவார். மூன்றாம் மாதமே கனடா எனக்கு மறந்துவிட்டது. பிரெஞ்சு பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். கொழும்பில் நடக்கும் பரீட்சைக்கு இணையத்தில் நானே பதிந்தேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பாடம் வந்தது. நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் போனதைச் சொல்லும் வினை. அமைக்கிற முறை கஷ்டமில்லை. முதலில் ஒரு துணைவினையை ‘இருப்பேன்’ என்கிற சாயலில் வைக்க வேண்டும். அதன் பின்னால் முடிந்துபோன வினையின் வடிவம். பெரும்பாலான வினைகளுக்கு ‘கொண்டிருத்தல்’ என்ற துணைவினை. போவது, வருவது, பிறப்பது, இறப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் ‘இருத்தல்’. ‘ழெ ஸெரே பார்தி’ என்றால் ‘நான் போயிருப்பேன்’. ஆசிரியை சொன்னார், தமிழில் இது ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் புதிதாக எதையும் கற்கவில்லை என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் இருக்கிறது டீச்சர், எங்கள் வீட்டில்தான் இல்லை.

வீட்டுவேலையாக மூன்று வாக்கியம் கேட்டார். மழை பெய்திருந்தால் குடை எடுத்திருப்பேன், பஸ் வந்திருந்தால் ஏறியிருப்பேன் என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். “இதெல்லாம் புத்தகத்துக் குடை. உங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுங்கள். ஒருவரைக் குறை சொல்லவும் இந்த வினைதான் உதவும். ‘நீ இப்படிச் செய்திருக்க வேண்டும்’ என்று யாருக்காவது சொல்ல இருந்தால் அதை எழுதுங்கள்.”

யாருக்குச் சொல்ல இருந்தது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். கண்டிப் பக்கம் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. அப்போது வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்து எட்டு மாதம்; குடும்பத்தை என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காதான் பார்த்தார். பதிவுப் படிவத்தை இரண்டு இரவு இருந்து, ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் நிரப்பினேன். தபாலில் போடச் சொல்லிக் காக்காவிடம் கொடுத்தேன். அவர் போடவில்லை. கடைசித் திகதி கழிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய உடுப்புப் பெட்டியில் அது மடித்தபடியே கிடந்தது. நான் அழுதுகொண்டு போய் நின்றபோது, “அல்லாஹ்ட நாட்டம் புள்ள. நஸீபு இல்ல, ஒனக்கு எழுதி வெக்கல்ல. உட்டுடு” என்றார். உம்மாவும் அதையே சொன்னார். விட்டுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக விட்டிருந்தேன்.

இப்போது அதை முதல் வாக்கியமாக எழுதினேன். படிவம் போய்ச் சேர்ந்திருந்தால் நான் போயிருப்பேன். ஆசிரியை ஒரே ஒரு பிழை காட்டினார். இந்த வகை வினையில் எழுதுகிறவள் பெண்ணென்றால் கடைசியில் ஒரு எழுத்துக் கூட வேண்டும். வாயால் சொன்னால் கேட்காது, எழுதினால்தான் தெரியும். அதை நான் விட்டிருந்தேன். “நீங்கள் எழுதியபடி பார்த்தால் போயிருக்கக்கூடியவர் ஒரு ஆண்” என்றார். உண்மைதான் டீச்சர், ஆணென்றால் போயிருப்பார்.

இரண்டாவது வாக்கியத்தை எழுத உட்கார்ந்த அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்காவே வந்து சேர்ந்தார்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். காக்காவும் மருதமுனையில் மதினியின் வீட்டில்தான் இருக்கிறார். ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்தும் வேலை. வீடு திரும்பும் வழியில், மோட்டார்சைக்கிள் கைபிடியில் தொங்கும் மீன்பையோடு வாரத்தில் இரண்டு தரம் எங்கள் வாசலில் நிற்பார். அன்றைக்குப் பாரைமீன். நல்ல மனிதர், அதனால்தான் இத்தனை வருடம் அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை. கெட்டவராக இருந்தால் எப்போதோ முடித்திருப்பேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொடங்கினார். “மச்சானோட கதைச்சன். கம்பனில பெரிய இடம் குடுத்திருக்காங்களாம். கனடா வேணாமாம். நீ இனி என்னத்துக்குக் கொழும்புக்குப் போற? படிச்சது காணும். நாங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டம்.”

கனடா போய்விட்டதில் எனக்கு ஒரு துளிக் கவலையும் இல்லை. ‘கதைச்சு முடிச்சிட்டம்’ என்றதுதான் நெஞ்சில் ஏறியது. மறுபடியும் என் படிப்பு, மறுபடியும் இரண்டு ஆண்கள், மறுபடியும் எனக்குச் செய்தி கடைசியில்.

“நான் போவன் காக்கா” என்றேன்.

“சொன்னாக் கேளு. அது ஒனக்கு நஸீபு இல்ல. அல்லாஹ்ட நாட்டம்.”

அந்தச் சொல்லை அவர் எடுத்திருக்கக்கூடாது.

“அல்லாஹ்ட நாட்டம் வேற, ஒங்கட நாட்டம் வேற. அண்டைக்கு அந்தப் படிவத்தத் தபால் பெட்டில போடாம வெச்சது ஆரு? நீங்க. போடப் போறல்லண்டு எனக்கிட்டச் சொல்லியிருக்கணும். சண்ட புடிச்சிருப்பன், அழுதிருப்பன், அது என்ட பாடு. நீங்க ஒளிச்சு வெச்சிட்டு அல்லாஹ்ட பேரச் சொன்னீங்க.”

உள்ளே இருந்து உம்மாவின் குரல் வந்தது. “போயிருப்பன் வந்திருப்பன்டு கதைக்காத! வாயக் கழுவு!”

“கழுவ மாட்டன் உம்மா” என்றேன். ‘அல்லாஹ்ட நாட்டம்’ என்பது துக்கத்தில் மூழ்குகிறவனைக் கரையேற்றச் சொன்ன சொல். ஒரு தங்கச்சி கேட்கிற கேள்வியை அடைக்கிறதுக்குத் தந்த மூடி அல்ல. அன்றும் அப்படித்தான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். என் ஈமானில் எந்தக் குறையும் இல்லை.

காக்கா வெற்றுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் எண்ணெய் அவர் நகக்கண்ணில் எப்போதும் இருக்கும். பிறகு, சமாதானம் பேசுகிற குரலில் சொன்னார்:

“சரி. இந்தப் பரீட்சைக்குப் பதியிறதுக்கு முன்னுக்காவது எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா?” என்றேன்.

வாசலில் மீன்பையைச் சுற்றிப் பூனை வந்து கத்தியது, யாரும் எழும்பவில்லை.

“விட்டிருக்க மாட்டன்” என்றார் காக்கா.

அவ்வளவுதான். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். அல்லாஹ்வின் பெயர் இல்லை, நஸீபு இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக நான் கேட்க ஆசைப்பட்டது அந்த இரண்டு சொல்லைத்தான் என்பது கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. அவர் எழும்பி, “எப்ப பஸ்? நான் கூட வரட்டா?” என்று கேட்டார். “தேவல்ல” என்றேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்த இடம் அழகாக முடியும். பொய் எழுத மாட்டேன். மீனை மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன்.

அன்று மஃரிபுக்குப் பிறகு இரண்டாவது வாக்கியத்தை அனுப்பினேன். ‘த்யூ ஒரே த்யூ மெ லெ தீர்.’ நீ அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியை சரி என்று அடையாளமிட்டு, மூன்றாவது எங்கே என்று கேட்டார். அது என்னிடம் இல்லை.

பரீட்சைக்குப் போகும் நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன், தனியாக. கணவருக்கு முதல் நாளே அறிவித்திருந்தேன், கேட்கவில்லை, அறிவித்தேன். தபாற்கந்தோருக்கு முன்னால் ஆட்களை ஏற்ற பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே அந்தச் சிவப்புப் பெட்டி. இடம் மாறவில்லை, வாயும் அதே உயரத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். கொழும்பு வேண்டாம், கண்டி வேண்டாம், ஏழே நிமிடம். பத்தொன்பது வயது; இரண்டு கால் இருந்தது; நான் அந்தப் படிவத்தைக் காக்காவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொடுக்கத்தான் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லக்கூட இல்லை.

பஸ் புறப்படுவதற்குள் மூன்றாவது வாக்கியத்தைக் கைத்தொலைபேசியில் எழுதி ஆசிரியைக்கு அனுப்பினேன். நானே போட்டிருக்கலாம். அதில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பரீட்சை அனுமதித் தாள் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் பைக்குள் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொழும்பு போய்ச் சேரும்வரை அதை என் கையிலேயே வைத்திருந்தேன்.