பாதி முடி வைத்த தலை

கொரோனா வந்து சலூன்களையெல்லாம் மூடிய வருஷம் எனக்கு வேலை கொடுத்த பிலோமினா போய்விட்டாள்... முந்தாநாள் மதியம், பெங்களூர் மர்பி டவுன் வீட்டில். நேற்று அடக்கம் முடிந்தது.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தெரிந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அசல் குழந்தை மாதிரியே பொம்மை செய்வாள். ரப்பர் தலையில் ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி நட வேண்டும். ஒரு தலைக்கு ஒரு மாதம்.

நாற்பது வருஷம் முடி வெட்டினவனிடம் இதைக் கொடுக்கிறாயே என்று சிரித்தேன்.

"வெட்டுனதையெல்லாம் நட்டுட்டுப் போங்கண்ணா" என்றாள்.

குழந்தையை இழந்தவர்கள் போட்டோ அனுப்பி ஆர்டர் கொடுப்பார்கள். எல்லாம் முகம் தெரிகிற போட்டோ... பின்மண்டையை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? அதனால் சுழி ஒன்றா இரண்டா, இடமா வலமா என்று அவளே போன் போட்டுக் கேட்பாள். கேட்டபின் கொஞ்ச நேரம் ஊசியைத் தொட மாட்டாள்.

ஒருமுறை பொம்மையைக் கொரியரில் போட பஸ்ஸில் கொண்டுபோனோம். ஒரு பாட்டி எழுந்து அவளுக்கு சீட் கொடுத்தாள், வெயிலில் குல்லா போடாமல் பிள்ளையைத் தூக்கி வருகிறாயே என்று கன்னடத்தில் திட்டவும் செய்தாள். பிலோமினா முந்தானையால் தலையை மூடினாள், பொம்மையின் தலையை.

போன வருஷம் என் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு தலையில் காதுக்கு மேலே கோணலாகக் குத்திவிட்டேன். குத்தின ஓட்டை மூடாது. அவள் ஊசியை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் முடியைப் பிரித்துக் கொடுப்பதும் டீ போடுவதும்தான் என் வேலை.

இன்று காலை சந்தாபுராவிலிருந்து ஒரு பெண் வந்தாள். எட்டு மாதக் குழந்தையாய் மகளைப் பறிகொடுத்து ஆர்டர் கொடுத்தவள். பிலோமினா போனது அவளுக்குத் தெரியாது. சொன்னேன்...

தலை மேஜையில் இருந்தது. சுழியும் வலப்பக்கமும் முடிந்திருக்கிறது. இடப்பக்கம் வெறும் ரப்பர்.

முழுக்க நட்ட பிறகுதான் உள்ளே பசை பூசுவோம். அதுவரை முடியைத் தொடக்கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தடவிவிட்டாள்... முடி விரலோடு வந்துவிட்டது.

அவள் அழவில்லை. அதைக் கீழேயும் போடவில்லை.

"இதை முடிச்சுக் குடுக்க வேற யாராச்சும் இருக்காங்களா தாத்தா?"

எங்களோடு நட்ட ஜபீன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

போய் வாம்மா பிலோமினா... முடித்துக் கொடுக்கிற ஆள் என்று அந்தப் பெண்ணிடம் என் பேரைத்தான் சொன்னேன். முனியப்பா.