வலி எத்தனை மணிக்கு?

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். அடைத்த ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயம் மிஞ்சும். பெங்களூர் சனங்கள் அதில் எவ்வளவு நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. படிவத்தில் 'நேரம் தெரியவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட நான் யாரையும் விட்டதில்லை. படிவம் நிரப்பிப் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாதா என்ன!

மூன்றாவது விசில்

அல்சூர் ராஜேஸ்வரியம்மா கட்டிலில் சாய்ந்து எங்கேயோ பார்த்தபடி பேசினார். கடிகாரம் பார்க்கவில்லையாம். குக்கர் வைத்தாராம், ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்ததாம், அதில் விரலால் கோடு போட்டுக்கொண்டு நின்றபோது கை கனத்ததாம். அந்த ஆவி என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் படிவம் மணி கேட்கிறதே! துருவித் துருவிக் கேட்டு உத்தேசமாக ஒரு மணியைக் கறந்துவிட்டேன். அப்போதும் சொன்னார்: "மூணாவது விசில்னு எழுதிக்கம்மா. பருப்பு வெந்துச்சான்னு பாத்துட்டுதான் கெளம்பினேன்."

ஏரிக்கரை

ஜோகுபாளையம் செல்வம் ஆட்டோ ஓட்டுகிறவர். நெஞ்சை அடைத்ததும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு சோடா குடித்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெயில் தண்ணீரில் மினுமினுத்தது அவ்வளவு அழகாம்! எனக்கு வந்ததே கோபம். உயிர் போகும்போது வேடிக்கை பார்ப்பீர்களா என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். மனுஷன் தலையைச் சொறிந்தார்: "வயித்துல கேஸுன்னு நெனச்சுட்டேன் மேடம். கேஸுக்குப் போயி யாராச்சும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?"

ஜன்னல்

அப்புறம் ஆறு மாசம் கழித்து ஒரு மதியம். எங்கள் ஆபீஸ் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியிலேயே இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மரம் ரோஸ் நிறப் பூக்களை உதிர்த்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தாடை வலித்தது, ஜாக்கெட் நனைய வியர்த்தது. காலையில் தின்ற கார சட்னிதான் என்று நினைத்து, கேன்டீன் சோடாவை ஒரே மடக்கில் குடித்தேன். பூ விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் தரைக்கு வர வெகுநேரம் ஆனது. அப்படி ஒரு நிம்மதி!

பிழைத்தவர்களை ஆறாம் மாசம் போனில் விசாரிப்போம்; அன்றைக்குச் செல்வத்தின் முறை. இரண்டாவது கேள்வியிலேயே மறித்தார். "மேடம், உங்களுக்கு மூச்சு வாங்குது. பக்கத்துல யாரு இருக்காங்க?" கேஸ்தான் என்றேன். போனே அதிரும்படி கத்தினார்: "நானும் அதத்தான மேடம் சொன்னேன்!"

பூ

அந்தச் சத்தத்தில் பக்கத்து மேஜை நர்ஸ் மஞ்சுளா ஓடி வந்து என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கீழ்த்தளத்து எமர்ஜென்ஸிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். லிப்டில்தான் பயமே வந்தது. செத்துப்போவேனோ என்று அழுதேன்.

குழாயைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் மஞ்சுளா படிவத்தோடு வந்து நின்று, மணி கேட்டாள். எவ்வளவு யோசித்தாலும் பூ விழுந்ததுதான் ஞாபகம் வந்தது, அதையே சொன்னேன். அவள் கன்னடக்காரி. ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் தமிழ் தடுமாறாது: "அக்கா, பூவை எந்த பாக்ஸ்ல எழுதறது, நீங்களே சொல்லுங்க!"

நான் இந்த வேலைக்கு வந்த எட்டு வருஷத்தில் 'நேரம் தெரியவில்லை' என்று விழுந்த முதல் டிக், எமர்ஜென்ஸிக்கு இரண்டு மாடி மேலே உட்கார்ந்து சோடா குடித்தவளுடையதுதான்.