கை ஆன்ட்டியின் கை

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் வாசல் மேஜை என்னுடையது. டோக்கன் கொடுப்பது, அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பது, பிள்ளைகளைவிட அதிகமாக அழுகிற அப்பாக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் நான்தான். உள்ளே டாக்டரம்மாவும் அக்காவும். அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. டாக்டரம்மாவுக்கு எதிரில் நின்று, எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்கிற உதவியாளர். பதினோரு வருஷமாகப் பல் பார்க்கிற நாற்காலிக்கு இடதுபுறம் நிற்கிறாள்.

அந்த இடதுபுறத்துக்குக் காரணம் இருக்கிறது. வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் பல் குடைகிற மிஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஒப்பந்தம் போடுவோம். வலித்தாலும் சரி, பயந்தாலும் சரி, சும்மா வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவோம். டாக்டரம்மாவின் கண் பல்லில் இருக்கும், அதனால் கையைப் பார்ப்பது அக்காவின் வேலை. கை எழும்பியதும் "கை" என்று ஒரே வார்த்தை சொல்வாள். டாக்டரம்மா மிஷினை ஓட்டுகிற மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. சில வாண்டுகள் நம்மைப் பரீட்சை பண்ணவே நாலு தடவை தூக்கும். வெளியே பதினைந்து டோக்கன் காத்திருக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்குக் கோபமே வராது. "பரீட்சை பண்ணட்டும்டி. நம்பின பிறகுதான் வாயத் திறக்கும்" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கை ஆன்ட்டி.

இப்படிப்பட்டவளின் மகளுக்கே கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஐந்து வயதுக் குட்டி. மூச்சிரைப்பு உண்டு. ராத்திரி இருமினால் இனிப்பு மருந்தை ஒரு மூடி ஊற்றிக்கொடுத்து அப்படியே தூங்கவைப்பாள். பால் பாட்டிலோடு பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள் என்று வருகிற அம்மாக்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொல்கிறவளுக்கு, அந்த மருந்தும் சர்க்கரைப்பாகுதான் என்று உறைக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்திருக்கலாமே என்று என் மேஜைக்கு எதிரில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். பால் பல்தானே, தானாக விழப்போவதற்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டாராம். அது விழ இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கிறது, அடியில் வளர்கிற பெரிய பல்லுக்கு அதுவரை இடம் பிடித்துவைப்பது அதுதான், சீழ் இறங்கினால் அந்தப் பெரிய பல்லும் கெட்டுப்போகும் என்று அக்கா பிடித்த பிடியில் மனிதர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மரத்துப்போக வைக்கிற ஊசிக்குக்கூட குட்டி அசையவில்லை. மகள்தானே என்று அக்காவே வழக்கமான இடத்தில் நின்றாள். அங்கேதான் தப்பு. மிஷின் பல்லுக்குள் இறங்கியதும் குட்டியின் கை எழுந்தது. கை ஆன்ட்டி "கை" என்று சொல்லவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

"இன்னும் ரெண்டே செகண்டுடா கண்ணு, முடிஞ்சிடும்."

வாசலில் இருந்த எனக்கே அந்த வீறல் கேட்டது. டாக்டரம்மா நிறுத்துவதற்குள் குட்டி வாயை மூடிக்கொண்டுவிட்டாள். பதினோரு வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் செய்யாததைப் பெற்ற பிள்ளைக்குச் செய்துவிட்டு அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈறு வீங்கியது, மருந்து கொடுத்து வடியவைத்தார்கள். இரண்டு தடவை கூட்டிவந்தார்கள், இரண்டு தடவையும் குட்டி நாற்காலியில் ஏறவில்லை. வீட்டில் பல் தேய்க்கக்கூட அம்மாவைக் கிட்டே விடவில்லையாம், அப்பாதான் தேய்த்துவிட்டார். டாக்டரம்மா கடைசியாக அக்காவை உட்காரவைத்துப் பேசினார். வீக்கம் திரும்ப வருவதற்குள் பல்லைச் சுத்தம் பண்ணி அடைக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மயக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. இருமினாலே இரைக்கிற பிள்ளையாயிற்றே.

சனிக்கிழமை காலை மறுபடியும் கூட்டிவந்தாள். டாக்டரம்மா குனிந்து, என்ன செய்தால் நாற்காலியில் ஏறுவாய் என்று குட்டியையே கேட்டார். குட்டி தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும். எனக்குத் தெரியுற மாதிரி நிக்கணும்."

குழாயை யார் பிடிப்பது என்றதற்கு என்னைக் காட்டினாள். ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வருமா? கையுறையை மாட்டிக்கொண்டு அக்காவின் இடத்தில் போய் நின்றேன். அக்கா குட்டியின் கால்மாட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஊசி போட்டு, உதடு மரத்த பிறகு மிஷின் ஓடியது. ஓடிய மறு நொடியே கை எழுந்தது. "கை" என்றேன். நின்றது. குட்டி டாக்டரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கையை இறக்கினாள். மறுபடி ஓடியது, மறுபடி கை. ஆறு தடவை இப்படி. ஒரு தடவைகூட டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. என் முதுகில் வியர்வை வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

ஒருவழியாக வேரைச் சுத்தம் பண்ணி, கழுவி, காயவைத்தாயிற்று. இனி மருந்தை உள்ளே விட வேண்டும், ஒரு சொட்டு எச்சில் படக்கூடாது. குழாயை அந்தப் பக்கம் பிடி, இன்னும் உள்ளே, அசையாதே என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். என் கண் குழாய் நுனியைவிட்டு நகரவில்லை. குட்டியின் கையை நான் மறந்தே போனேன்.

"கை."

அக்காவின் குரல். திடுக்கிட்டுப் பார்த்தேன். குட்டியின் கை மேலே நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். இன்னும் பத்து எண்ணினால் மருந்து உள்ளே போயிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும், என்னைவிட, யாரையும்விட. இப்போது குட்டி வாயை மூடிவிட்டால் எல்லாம் பாழ், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிதான். டாக்டரம்மா கருவியை வெளியே எடுத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் கை பின்னாலேயே இருந்தது.

குட்டி வாயை மூடவில்லை. திறந்த வாயோடு அம்மாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு அவளாகவே கையை இறக்கி, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா மறுபடி குனிந்தார்.

அதற்கப்புறம் கை எழவே இல்லை. மருந்து போயிற்று, அதன்மேல் பல்லை மூடுகிற ஸ்டீல் தொப்பி உட்கார்ந்தது, கடித்துக்கொள்ளச் சொல்லி ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். நாற்காலி நிமிர்ந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டினார். குட்டி பளபளக்கிற பல்லைப் பார்க்கக்கூட இல்லை. அக்கா இன்னும் அதே இடத்தில், அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது போல.

"இப்ப கைய எடுத்துக்கோம்மா" என்றாள் குட்டி, மரத்த உதடு கோணிக்கொள்ள.

அக்கா கைகளை முன்னால் கொண்டுவந்தாள். ஒரு மணிக்கட்டில் அவளுடைய நகமே நாலு இடத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. குட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள்.