தாராவியில் வாங்கிய பை

மனநல ஆலோசகர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருப்போம். எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

இன்று தாராவிக் கடையில் ஒரு பையைக் காட்டி, "இது அசல் தோல்தானா பாய்?" என்று கேட்டேன். பழக்கதோஷம், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அசல்தாங்க்கா."

நான் பேசவில்லை.

"வாரு மட்டும் ரெக்சின்."

அப்போதும் பேசவில்லை.

"சம்சாரம் ரெண்டு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்கா. தப்பு எம்மேலதான்."

பையை வாங்கிக்கொண்டு செம்பூருக்கு வந்தால், வீட்டில் கணவர்.

"புதுப் பை எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் ஒரு டிப்ளமோவில் சேர்ந்துவிட்டதையும், இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது என்பதையும் நானே ஒப்பித்துவிட்டேன்.

கமெண்டில் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா மட்டும் இருக்காதீர்கள்.